"வேலை முடியிறது எண்டா எப்ப?"

ஆசிரியர் அவர்கட்கு,

ஐரோப்பாவுக்குப் போன எங்கள் பிள்ளைகளைப் பற்றிக் கடந்த ஞாயிறு வெளிவந்த பத்தியொன்றில், "ஐரோப்பாவில் காசு உண்டு, குடும்பம் இல்லை, கணக்கெடுப்புகளே சொல்லும் உண்மை இது" என்று உங்கள் பத்தியாளர் எழுதியிருந்தார். எந்தக் கணக்கெடுப்பு, எந்த ஆண்டு, எத்தனை பேரிடம் கேட்டது என்று ஒரு வரியும் இல்லை. பதினெட்டு வருடம் படிவக் கட்டும் பேனையுமாகத் திருகோணமலையில் வீடு வீடாய் ஏறி இறங்கியவள் நான். வாசித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

ஐரோப்பியச் சமூகக் கணக்கெடுப்பு 2002 முதல் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை நடந்து வருகிறது. 2004 இலும் 2010 இலும் வேலை, குடும்பம், நல்வாழ்வு மூன்றையும் சேர்த்துக் கேட்பதற்கென்றே அதில் தனிப் பகுதி வைத்தார்கள். டப்ளினில் உள்ள, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிறுவனமான யூரோஃபவுண்ட் தொழில் நிலைமைகளைப் பற்றி 1990களின் தொடக்கத்திலிருந்து கேட்டு வருகிறது. 2015 இல் 35 நாடுகளில் ஏறக்குறைய 44,000 உழைப்பாளரிடம் கேட்டார்கள். வேலை நேரம் தங்கள் குடும்பப் பொறுப்புகளோடு நன்றாக ஒத்துப்போகிறது என்றவர்கள் ஐந்தில் நான்கு பேரளவில். ஐரோப்பியச் சமூகக் கணக்கெடுப்பில், வாழ்க்கை திருப்தியா என்ற கேள்விக்கு டென்மார்க்காரர் தாங்கள் பங்குபற்றிய சுற்றுகளில் மேல்வரிசையில்தான் நிற்கிறார்கள். வீட்டுவேலை மட்டும் எந்த நாட்டிலும் பெண்ணின் தலையில்தான் கூடுதலாக விழுகிறது. அந்த விஷயத்தில் அவர்களும் நாங்களும் சொந்தக்காரர். ஆக "குடும்பம் இல்லை" என்பது பத்தியாளரின் சொந்தச் சரக்கு.

இந்த எண்களைவிட, அவை எப்படி எடுக்கப்பட்டன என்பதுதான் எனக்குப் பெரிது. ஐரோப்பியச் சமூகக் கணக்கெடுப்பில் யாரைக் கேட்பது என்பது சீட்டுக் குலுக்கியதுபோல் முதலிலேயே முடிவாகிவிடும். அந்த ஆள் வீட்டில் இல்லையென்றால் திரும்பப் போக வேண்டும். ஆளைப் பிடிக்க முடியாவிட்டால் குறைந்தது நான்கு தடவை. அதில் ஒன்று மாலையில், ஒன்று வார இறுதியில். அடுத்த வீட்டுக்காரரைக் கேட்டு இடத்தை நிரப்பக்கூடாது. அவருக்காக மனைவியோ மகனோ பதில் சொல்லவும் கூடாது. நான் சொன்ன 2004, 2010 சுற்றுகளில் நேருக்கு நேர் இருந்து ஒரு மணித்தியாலமளவில் கேட்டார்கள்.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். நான் நிரந்தர உத்தியோகத்தர் அல்ல, படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி. 2004 சுனாமிக்குப் பிறகு ஒவ்வொரு திட்டமும் தனக்கொரு படிவத்தோடு வந்தது. திருக்கடலூர், வீரநகர், பள்ளத்தோட்டம், சல்லி, சாம்பல்தீவு, லோஞ்ச் ஏறி மூதூர் என்று அலைந்திருக்கிறேன். கூரை ஓடா தகரமா, கிணறு சொந்தமா பொதுவா, எத்தனை வலை போனது, மலசலகூடம் உண்டா. ஒரே வீட்டில் ஒரே மாதத்தில் நாலு பேர் வந்து இதையே கேட்டால் அந்தச் சனம் என்ன செய்யும்? எங்களைத் தூரத்தில் கண்டதுமே படலையைச் சாத்துவார்கள். சாத்தின வீட்டுக்குத் திரும்பிப் போக எனக்குக் கூலி இல்லை. ஆகவே தேத்தண்ணி தந்து இருக்கச் சொன்ன அடுத்த வீட்டில் எழுதினேன். ஒருநாள் இரண்டு நாள் அல்ல, கனதரம். இப்போது அறுபத்தைந்து வயதில் இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் விடியப் போய் மாலையில் வரும் உழைப்பாளியின் வீடு என் படிவங்களில் குறைந்து, பகலில் ஆள் இருக்கிற வீடு கூடிப்போனது என் கையால்தான்.

இன்னொன்றும் உண்டு. "வேலை செய்யிறியளா?" என்று கேட்பேன். முழங்கை வரை உப்பும் செதிலுமாக, பாயில் கருவாடு பரப்பிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து, "இல்லை அக்கா, சும்மாதான் இருக்கிறன்" என்பாள். நானும் "இல்லை" என்று புள்ளடி போடுவேன். தொழிற்படை அளவீட்டின் வரையறைப்படி, குறித்த வாரத்தில் ஒரு மணித்தியாலம் குடும்பத் தொழிலில் கூலி வாங்காமல் உழைத்தாலும் அவள் தொழில் செய்பவள்தான். கருவாட்டை விட்டுவிட்டுச் சமைத்து, துவைத்து, மாமியாரைத் தூக்கிக் குளிக்க வார்த்தால் மட்டும், அவள் பொருளாதார ரீதியாகச் செயற்படாதவள். 2017 இல் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் முதல் தடவையாக நாடளாவிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை நடத்தியது. ஒருவரின் இருபத்துநாலு மணித்தியாலமும் எதில் போகிறது என்று கேட்டது. நல்ல காரியம். ஆனால் நேரம் எதில் போகிறது என்பது ஒரு கேள்வி, அது போவதில் ஆள் எப்படி இருக்கிறாள் என்பது வேறு கேள்வி.

ஐரோப்பாக்காரர் இந்த இரண்டாவதைத்தான் கேட்டார்கள். வேலையில்லாத நேரத்திலும் வேலைக் கவலை மனதில் ஓடுகிறதா? வீடு வந்தால் விருப்பமானதைச் செய்யக்கூட முடியாத களைப்பா? குடும்பத்துக்குக் கொடுக்க நினைக்கும் நேரத்தை வேலை பறிக்கிறதா? உங்கள் வேலை அழுத்தத்தால் வீட்டார் சலித்துப்போகிறார்களா? இந்த நாலையும் தமிழில் எழுதி, போன மாதம் எங்கள் ஒழுங்கையில் ஆறு பேரிடம் கேட்டுப் பார்த்தேன். ஆறு பேரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கேள்வி எங்கள் வாயில் நிற்குமா என்று பார்க்கத்தான்.

உப்புவெளியில் ஹோட்டலொன்றில் வேலை செய்யும் பெடியன் நாலுக்கும் டக் டக்கென்று பதில் சொன்னான். கூடையில் மீன் விற்கும் என் வயதுக்காரி இரண்டாவது கேள்வியிலேயே என்னை மடக்கிவிட்டாள்: "வேலை முடிஞ்சு வந்தா களைப்போ எண்டு கேக்கிறியள். வேலை முடியிறது எண்டா எப்ப?" காலை நாலரைக்குக் கரைக்குப் போகிறவள், பத்து மணிக்குக் கூடை இறக்கி உலை வைக்கிறவள். பத்து மணிக்கு வேலை முடிந்ததா, தொடங்கினதா? எனக்குப் பதில் வரவில்லை.

"எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள், பூச்சியத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள்" என்பதும் அவர்களுடைய கேள்வி. எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் பத்து சொல்லவில்லை. மகளுக்குப் போன கிழமைதான் கல்யாணம் முடித்து வைத்து வாயெல்லாம் பல்லாக இருந்தவளும், "ஏழு போடுங்கோ, பத்தெண்டா கண்ணூறு பட்டிடும்" என்றாள். பூச்சியம் சொல்லவும் ஆளில்லை, அது கோணேசரைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமாம். அவர்களுடைய ஏழும் எங்கள் ஏழும் ஒன்றல்ல. அங்கே ஒரு மொழிக்குக் கேள்வியைக் கொண்டுபோக இரண்டு பேர் தனித்தனியே மொழிபெயர்த்து, பிறகு கூடி இருந்து ஒப்பிட்டு, சனத்திடம் கேட்டும் பார்ப்பார்களாம். எங்களுக்கும் அந்தப் பாடு வேண்டும். என்னைப்போல் ஒருத்தி குசினி மேசையில் எழுதினால் போதாது.

பத்தியாளர் எழுதியது எங்கள் பிள்ளைகளைப் பற்றி என்பதால் என் தங்கச்சியின் கதையையும் சொல்ல வேண்டும். சுவிஸில் இருக்கிறாள். பகலில் கட்டடம் துப்புரவு, இரவில் உணவகக் குசினி; புருஷனுக்கு மாறி மாறி ஷிப்ட். இரண்டு பேரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும். சில வருடங்களுக்கு முன் வேலையும் வாழ்வும் பற்றிய கணக்கெடுப்பு ஒன்றுக்கு அவள் பெயர் விழுந்து, முதலில் கடிதம் வந்து, பிறகு ஒரு பெண்மணி வந்தாராம். தங்கச்சிக்குத் தெரிந்த டொச் (ஜேர்மன்) மொழி கடைக்குப் போய்வரப் போதும், ஒரு மணித்தியாலக் கேள்விக்குப் போதாது. மகன், தான் சொல்லித் தருகிறேன் என்றிருக்கிறான். அந்த அம்மா நன்றி சொல்லி, கையிலிருந்த தாளில் எதையோ குறித்துக்கொண்டு போய்விட்டார். "தேத்தண்ணியும் குடிக்காமப் போட்டா அக்கா" என்று தங்கச்சிக்குக் கவலை. எனக்கு வேறு கவலை. ஐரோப்பியச் சமூகக் கணக்கெடுப்பின் விதி, ஒரு நாட்டில் நூற்றுக்கு ஐந்து பேராவது முதல் மொழியாகப் பேசினால்தான் அந்த மொழியில் கேள்விக்கொத்து. தமிழ் எந்த ஐரோப்பிய நாட்டிலும் அந்தக் கணக்கைத் தொடாது. அந்நாட்டு மொழி நன்றாகத் தெரிந்த தமிழர் உள்ளே வருவார்கள். தங்கச்சி போன்றவர்கள் "மொழித் தடை" என்ற கட்டத்துக்குள் போய்விடுவார்கள். குடும்பம் சிதறுகிறது என்று பத்தியாளர் யாரை நினைத்து எழுதினாரோ, அவர்களில் பலர் அந்தக் கணக்கில் இருக்கவே மாட்டார்கள். கணக்கெடுப்பே சொல்கிறது என்று அவர் எப்படி எழுதலாம்?

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். 2004 இல் கேட்டதை அங்கே 2010 இல் திரும்பக் கேட்டபோது, இடையில் 2008 பொருளாதார நெருக்கடி வந்து போயிருந்தது. கடந்த மூன்று வருடத்தில் சம்பளம் குறைந்ததா, வேலை நேரம் குறைக்கப்பட்டதா, வேலையின் உறுதி குறைந்ததா என்றும் சேர்த்துக் கேட்டார்கள். முன்னைய கணக்கு கையில் இருந்ததால் பின்னையதோடு வைத்துப் பார்க்க முடிந்தது. எங்களுக்கு 2022 வந்தது. மண்ணெண்ணெய்க்கு வரிசை, படகு கரையில். ஓகஸ்ட் மாதம் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. அதற்குப் பிறகு அரசின் அஸ்வெசும உதவிப்பணத்துக்கான படிவத்தில் வீட்டையும் வருமானத்தையும் சொத்தையும் எழுதிக் கொடுத்தோம். அந்த வருடம் வீடுகளுக்குள் என்ன நடந்தது, யார் தூங்கவில்லை, எந்தப் புருஷனும் மனைவியும் பேச்சை நிறுத்தினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. இனிமேல் கேட்டாலும் வைத்துப் பார்க்க முன்னைய கணக்கு இல்லை.

நிலாவெளி கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. அங்குள்ள ஆசிரியர்களும் மாணவர்களும் இந்தக் கடிதத்தைக் கண்டால், மாவட்டம் முழுக்க வேண்டாம், ஒரு பிரதேச செயலகப் பிரிவில் தொடங்கட்டும். இருநூறு வீடு போதும். ஆனால் குலுக்கி எடுத்த வீடாக இருக்க வேண்டும், நாலு தரம் போக வேண்டும், அதில் ஒன்று மாலையில்; அப்போதுதான் சீனன்குடாப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களும் தைக்கிற பிள்ளைகளும் வீட்டில் இருப்பார்கள். கடலுக்குப் போகிறவர்களை வாடைக்காலத்தில் ஒரு தரமும் கச்சான் வீசும் காலத்தில் ஒரு தரமும் கேட்க வேண்டும், இரண்டும் வேறு வேறு வாழ்க்கை. போய்வரும் கூலியைப் படிவத்துக்கென்று கொடுக்காமல் நாளுக்கென்று கொடுங்கள். முடிவை அந்த ஒழுங்கைகளுக்கே திரும்பக் கொண்டுபோய்ச் சொல்லுங்கள். கேள்விகளைத் தமிழில் திருத்த ஆள் தேவையென்றால் நான் வருகிறேன், கூலி வேண்டாம். மீன்காரியையும் கூட்டி வருகிறேன்.

பத்தியாளர் எந்தக் கணக்கெடுப்பைப் பார்த்து எழுதினார் என்பதை அடுத்த ஞாயிறு அவருடைய பத்தியிலேயே போடச் சொல்லுங்கள். பெயரும் ஆண்டும் போதும், மிச்சத்தை நான் தேடிக்கொள்வேன்.

இவ்வண்ணம்,
முன்னாள் கணக்கெடுப்பாளர் ஒருத்தி,
திருக்கடலூர், திருகோணமலை.