பாஸ்வேர்டு கேட்காத ஓட்டை

ஆசிரியருக்கு வணக்கம்.

கணினித் திருட்டு என்றாலே ‘பாஸ்வேர்டை வலுவாக வையுங்கள்’ என்ற அறிவுரைதான் வருகிறது. சரி, வைப்போம். ஆனால் 2019 மே மாதம் வெளியே தெரிந்த ‘புளூகீப்’ ஓட்டைக்குப் பாஸ்வேர்டே தேவைப்படவில்லை. பழைய விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் சேவையில் (வேறோர் இடத்திலிருந்து கணினியை இயக்கும் வசதி), வந்திருப்பவர் யார் என்று விசாரிக்கும் முன்பே நடக்கும் பரிமாற்றத்தில் இருந்த பிழை அது. அதற்கென்றே தயாரித்த தகவலை அனுப்பினால், எங்கோ இருப்பவர் தன் நிரலை நம் கணினியில் ஓட்டலாம். 2017-இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட ‘வான்னாக்ரை’ நிரல் பரவியதுபோல், அந்த நிரலால் தானாகவே அடுத்த கணினிக்குத் தாவவும் முடியும். அதனால்தான் ஆதரவை நிறுத்தி ஐந்தாண்டு கடந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது.

என் வருமான வரிக் கணக்கைப் பார்க்கும் அலுவலகத்தில் இன்னும் இந்த ஓட்டை இருந்த விண்டோஸ் 7தான். வீட்டிலிருந்து வேலை பார்க்க வசதியாக, ரிமோட் டெஸ்க்டாப்பை இணையத்துக்குத் திறந்தே போட்டிருக்கிறார்கள். கேட்டால் ‘நல்லாத்தானே ஓடுது சார்’ என்கிறார்கள். என் பான் எண், வங்கி விவரம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. அப்டேட் போடுங்கள், வி.பி.என். (அனுமதி பெற்றவர்களுக்கான பாதுகாப்பான தனி இணைப்பு) வழியாக மட்டும் நுழையுங்கள் என்று சொல்லி மூன்று மாதம் ஆகிறது.

உங்கள் வணிகப் பக்கத்தில் இதுபற்றி ஒரு கட்டுரை வந்தால், வெட்டியெடுத்து அவர்கள் மேசையில் வைத்துவிடுவேன்.

— ஒரு வாசகர்