பிளெசிக்குப் பொருந்தின போட்டி

அன்புள்ள மகளுக்கு,

ஞாயிறு இரவு நீ அழுதழுது கதைச்ச பிறகு எனக்கு நித்திரை வரேல்லை. அம்மாவுக்கு முழுக்கச் சொல்லேல்லை. ஐந்து நடைப் போட்டியில புள்ளி குறைஞ்சு போச்சாம் எண்டதோட விட்டிட்டன். உன்ர ஐஸ்லாந்துக் குதிரை பிளெசியில நீ ஓடின அந்தப் போட்டி வீடியோவைச் சத்தத்தைக் கூட்டி, கண்ணை மூடிக்கொண்டு நாலு தரம் கேட்டன். கண் திறந்திருந்தால் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பன்.

முதல் வளைவு வரைக்கும் பிளெசி தகதிமி தகதிமி எண்டு வடிவாப் போறான். நாலு குளம்பும் ஒண்டுக்குப் பின் ஒண்டாச் சமமா விழுது. அதுதான் டோல்ட் எண்ட நடை. பிறகு நீ கடிவாளத்தை இறுக்கிறாய். உடன தக்க, தக்க. ஒரு பக்கத்துக் காலிரண்டும் சேர்ந்து போகுது. அதுதான் பாஸ் எண்ட நடை. வேகமில்லாத அந்த மெதுப் பாஸை இஞ்சை ஜெர்மன்காரர் 'பன்றிப் பாஸ்' எண்டு சொல்லுவினம். பேர் வைக்கிறதில அவைக்கு இரக்கமில்லை.

ஐந்து நடைப் போட்டிக்கு ஏன் இறங்கினாய் எண்டு எனக்குத் தெரியும். ஐந்து நடைக் குதிரைக்குரிய காசு குடுத்தாய். வித்தவர் மரபணுத் தாளையும் காட்டினார். 2012இல உப்சாலா ஆய்வாளர்கள் வெளியிட்ட, நடையை மாத்திற அந்த மரபணு மாற்றம் தாய் வழியாலும் தகப்பன் வழியாலும் பிளெசிக்கு வந்திருக்கு, சரி. அது இருந்தால் பாஸ் வரலாம், அவ்வளவுதான். அப்பிடியான குதிரைகளுக்கு ட்ரொட், அதாவது குறுக்குக் கால்கள் சோடியா விழுற நடை, கொஞ்சம் இழுபறி எண்டது வேற.

கணக்கைப் பார். சாதாரண நடை, ட்ரொட், கன்டர் எண்ட மூண்டு தாளப் பாய்ச்சல், மூண்டுக்கும் ஒவ்வொரு பங்கு புள்ளி. டோல்டுக்கும் வேகப் பாஸுக்கும் இரண்டிரண்டு. ஏழு பங்கில இரண்டை, 250 மீற்றர் ஓவல் பாதையின்ர நேர்ப் பக்கத்தில சில விநாடிக்குள்ள பிடிக்க வேணும். வளைவால வெளிய வந்து, கன்டரில இருந்து பாஸுக்கு மாத்தி, அடுத்த வளைவுக்கு முன்னம் குறைக்கவும் வேணும். அவன் பதறுறான், நீ இறுக்கிறாய், டோல்டும் சேர்ந்து கெடுது.

நத்தாருக்கு நான் அவனில ஏறினது ஞாபகமா? கை விறைச்சு, கடிவாளத்தைத் தொங்க விட்டிட்டன். காட்டுப் பாதை முழுக்க ஒரு தகதிமி பிசகேல்லை. அதுக்கெண்டே ஒரு போட்டி இருக்கு, பிள்ளை: டி4. மற்றவையோட சேர்ந்து ஓடலாம். விரும்பின வேகத்தில டோல்ட், பிறகு மெது டோல்ட், கடைசியில கடிவாளத்தை ஒரு கையில பிடிச்சு, வாயில தொடர்பில்லாமல் டோல்ட். அந்தக் கடைசிக்குத்தான் இரட்டைப் புள்ளி. ட்ரொட்டும் கேட்க மாட்டினம், பாஸும் கேட்க மாட்டினம்.

தொழுவத்தில ஆரோ முன்கால் குளம்பில மாட்டுற பாரமான பூட் போடச் சொன்னதெண்டாய். 250 கிராம் வரைக்கும் விதி விடுது, தாளமும் கொஞ்சம் திருந்தும்தான். ஆனால் உன்ர கை இறுகிறதுக்கு அவன்ர காலில பாரம் கட்டுறதை நான் ஒத்துக்கொள்ளன்.

பாஸை விடச் சொல்லேல்லை. இலையுதிர் காலத்தில நேர்ப் பாதையில 100 மீற்றர் ஓடிப் பாருங்கோ. அதில வடிவுக்குப் புள்ளியில்லை, மணிக்கூடுதான்.

விக்கப் போறன் எண்டாய். அதை மட்டும் அவசரப்படாதை. ஐஸ்லாந்தை விட்டு ஒருக்கால் வெளிக்கிட்ட குதிரை திரும்பிப் போகச் சட்டம் விடாது. உலகப் போட்டிக்கு வாற அந்த நாட்டுக் குதிரைகளுக்கும் அதுதான். நெடுந்தீவில மட்டக்குதிரைகளைத் தூர நிண்டு பார்த்து வளர்ந்தவன் நான். முதல்முதல் ஏறினது இஞ்சை வந்து, சாணி அள்ளப் போன தொழுவத்தில, 34 வயசில. அதுவும் இப்பிடி வந்த ஒண்டுதான்.

கொசு தொடங்க முன்னம் அவனுக்குப் போர்வை போடு, போன வருசம் பிடரியெல்லாம் உரஞ்சிப் புண்ணாக்கினவன். அம்மா ஒடியல் மா கட்டி வைச்சிருக்கிறா.

டி4க்குப் பேர் குடுக்கிற கடைசி நாளை எனக்கு எழுது. அண்டைக்கு ரெயினில வாறன். வீடியோ வேண்டாம், பாதையோரத்தில நிண்டு கேட்கப் போறன்.

அன்புடன்
அப்பா