டீக்கடை ஒலிப்பெட்டியும் யுபிஐ லைட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மக்கள் போனில் பணம் செலுத்தப் பழகியதற்குக் கேஷ்பேக்தான் காரணம் என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். கேஷ்பேக் ஆப்பை ஒருமுறை தரவிறக்க வைக்கும், அவ்வளவுதான். தினமும் ஸ்கேன் செய்ய வைத்தது சில்லறைத் தகராறு. காலை ஆறு மணிக்கு ஒரு டீ குடித்துவிட்டு 500 ரூபாய்த் தாளை நீட்டிப் பாருங்கள், தெரியும். 2020 ஜனவரி முதல் யுபிஐ-க்குக் கடைக்காரரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்றானது. தள்ளுவண்டியிலும் கியூஆர் அட்டை தொங்கியது. பிறகு வந்த, பணம் சேர்ந்ததைக் குரலில் சொல்லும் ஒலிப்பெட்டி, "வந்துருச்சா?" என்ற கேள்வியையே ஒழித்தது.

வயதானவர்கள் ஒதுங்குவது போன் புரியாததால் என்பதை ஏற்க முடியாது. பென்ஷன் பணம் மொத்தமும் கிடக்கும் கணக்கை, பத்து ரூபாய்க் கொத்தமல்லிக்காக எதற்குத் திறக்க வேண்டும் என்கிறார்கள். நியாயமான பயம்தானே? அதற்குத்தான் யுபிஐ லைட் என்ற சிறு பணப்பை ஆப்பிலேயே இருக்கிறது. ஆப்பில் அதை இயக்கி, பின் எண் போட்டு வங்கிக் கணக்கிலிருந்து 5,000 ரூபாய் வரை ஏற்றிக்கொள்ளலாம். அதன்பின் ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை பின் இல்லாமலே செலுத்தலாம். பணம் ஏற்றியது மட்டுமே பாஸ்புக்கில் ஒரு வரியாக விழும். வங்கி சர்வர் திணறும் மாலை நேரத்திலும் பெரும்பாலும் தடையில்லாமல் போகும். ஆனால் போனுக்குப் பூட்டு கட்டாயம். திருடன் கைக்குப் போனால் லைட்டில் உள்ளதை அவனும் செலவழிக்கலாம். போன் மாற்றும்முன் லைட்டை மூடினால் மிச்சம் கணக்குக்கே திரும்பிவிடும்.

இன்னொரு பயம், பணம் நடுவில் மாட்டிக்கொள்வது. 'பெண்டிங்' என்று வந்ததும் பதறி மறுபடி அனுப்புவதால்தான் இரண்டு முறை போகிறது. ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி, ஆளுக்கு ஆள் அனுப்பியது சேரவில்லை என்றால் மறுநாளுக்குள்ளும், கடைக்குச் செலுத்தியது உறுதியாகவில்லை என்றால் 5 நாளுக்குள்ளும் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. புகாருக்குப் பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைக் குறித்து வைத்தால் போதும்.

இந்தக் கெடுவை வங்கிகளும் ஆப் நிறுவனங்களும் அந்தப் பெண்டிங் திரையிலேயே, தமிழில், பெரிய எழுத்தில் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி.