மூவலூருக்கு முன்பே ஒரு அம்மா

ஆசிரியருக்கு வணக்கம்.

தரங்கம்பாடி மிஷனரிகளைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை படித்தேன். 1706-ல் கப்பலில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவில் தொடங்கி அதில் வருகிற எல்லாரும் ஆண்கள். மிஷனரி என்றாலே தாடியும் அங்கியும்தானா?

எங்கள் ஊருக்குப் பக்கத்து மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரை டெல்டாவில் அறியாதவர் குறைவு. சிறுமிகளைக் கோயிலுக்கு தேவதாசிகளாக நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து ஊர் ஊராகப் பேசியவர். தடைச் சட்டம் வந்தது 1947-ல். அதற்கு 46 ஆண்டுகள் முன்பே, 1901-ல், கோயிலிலிருந்து தப்பி வந்த ஒரு சிறுமிக்கு நெல்லைச் சீமையில் அடைக்கலம் கொடுத்தவர் ஏமி கார்மைக்கேல் என்ற பெண் மிஷனரி. அயர்லாந்தில் பிறந்தவர். டோனாவூரில் அவர் நடத்திய இல்லம் இன்றும் இருக்கிறது.

நம் கோயில்களைப் பற்றி அவர் எழுதிய சில வரிகள் எனக்கு உறுத்தத்தான் செய்கின்றன. சரி, அது இருக்கட்டும். 1895-ல் இந்தியா வந்தவர் 1951-ல் சாகும்வரை ஒரு தடவைகூடச் சொந்த நாட்டுக்குப் போகவில்லை. சேலைதான் கட்டினார். 1931-ல் கீழே விழுந்து அடிபட்டார். அப்புறம் இருபது ஆண்டுகள் பெரும்பாலும் படுக்கை. அந்த அறையில் இருந்தபடியே புத்தகம் புத்தகமாக எழுதினார். ஜெபம் கைவிட்டதென்று அவர் நினைக்கவில்லை. கால் சுளுக்கினாலே குலதெய்வத்தைக் கோபித்துக்கொள்கிற ஆள் நான்!

கல்லறைக்குக் கல் வேண்டாம் என்றாராம். பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். அதில் அவர் பெயர் இல்லை, தாயைக் குறிக்கும் ஒரே சொல்தான்.

அடுத்த கட்டுரையில் இந்தப் பெண்களுக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்குங்கள்.

– ஒரு வாசகர், மயிலாடுதுறை