பழைய பைப் ஆர்கனில் கை வைக்குமுன்

துருத்திக் காற்றால் குழல்களை ஒலிக்கவைக்கும் பழைய பைப் ஆர்கன் இருக்கும் ஆலயங்களின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். "காற்று கசிகிறது, பாதிக் குழல் பேசுவதில்லை, கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் ஒன்று வாங்கிவிடலாம்" என்று உங்கள் கூட்டத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள். பல வருடமாக ஆர்கன் வாசிக்கிறவன் என்ற உரிமையில் கேட்கிறேன், முடிவெடுக்குமுன் இதைப் படித்துவிடுங்கள்.

பழைய ஆர்கன் பெரும்பாலும் ஒருவர் கையால் ஆனதில்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் உள்ள புனித யாக்கோபு ஆலய ஆர்கனை ஆர்ப் ஷ்னிட்கர் என்ற ஆர்கன் கைவினைஞர் 1693-இல் கட்டி முடித்தார். 60 ஸ்டாப்புகள், அதாவது தனித்தனிக் குரலுள்ள 60 குழல் தொகுதிகள். அதற்கு முன் அங்கிருந்த கருவியின் குழல்களில் நல்லவற்றை அவர் உருக்கவில்லை, தன்னுடையதில் சேர்த்துக்கொண்டார். 1917-இல் முகப்புக் குழல்கள் முதல் உலகப் போருக்கு உலோகம் வேண்டுமென்று பறிபோயின. இரண்டாம் உலகப் போரில் உள்ளே இருந்த குழல்களை முன்கூட்டியே கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள், வெளிப்புற மரக்கூடு எரிந்தது. தப்பிய அந்தக் குழல்களை வைத்துத்தான் யூர்கன் ஆரெண்ட் என்ற ஆர்கன் கைவினைஞர் 1993-இல் சீரமைத்து முடித்தார். இன்று அங்கே கேட்பது பெரும்பாலும் ஷ்னிட்கரின் குழல்களும், அவருக்கும் மூத்தவர்களின் குழல்களும்.

மாற்றமே கூடாது என்று நான் சொல்லவில்லை. பாரிஸின் சான் சுல்பீஸ் ஆலயத்தில் கிளிக்கோ என்ற கைவினைஞர் 1781-இல் செய்த ஆர்கனை, கவாயே-கோல் என்ற இன்னொருவர் 1862-இல் 100 ஸ்டாப்புள்ள பெரிய கருவியாக மாற்றினார். ஆனாலும் கிளிக்கோவின் குழல்கள் பலவற்றை விட்டுவைத்தார். அவருக்குப் பின் வந்தவர்களும் அதிகம் கை வைக்கவில்லை.

திரும்பப் பெற முடியாத மாற்றங்களைத்தான் நான் பயப்படுகிறேன். குழலின் நீளம்தான் சுருதி. பழைய சுருதி மற்ற வாத்தியங்களோடு சேரவில்லை என்று குழலின் தலையை வெட்டினால், வெட்டியது போனதுதான். ஒலி பெரிதாக வேண்டுமென்று காற்றழுத்தத்தைக் கூட்டினால் குழலின் வாயையும், அதாவது ஒலி பிறக்கும் பிளவையும், வெட்டித் திருத்த வேண்டிவரும். அப்புறம் பழைய குரல் வராது. நான் வாசித்துப் பழகிய ஒரு கருவிக்கு இதுதான் நடந்தது. அதன் மெல்லிய புல்லாங்குழல் ஸ்டாப் இன்றும் என் காதில் இருக்கிறது, கருவியில் இல்லை.

துருத்தி மிதிக்க ஆளில்லை என்று குழல்களுக்குக் காற்றடிக்க மின்விசிறி வைப்பது வேறு விஷயம். பழைய துருத்தியை அப்படியே விட்டுவிட்டு விசிறியைச் சேர்க்கலாம், வேண்டாமென்றால் எடுத்தும்விடலாம்.

பேசாத குழல் எல்லாம் செத்த குழல் இல்லை. துருத்தியின் தோல் காய்ந்து வெடித்தால் காற்று கசியும். குழலின் வாயில் தூசி அடைத்தால் குரல் மங்கும். தோலை மாற்றலாம், தூசியைத் துடைக்கலாம். அதனால் புதிது விற்க வருகிறவரிடம் மட்டும் கேட்காதீர்கள், பழையதைப் பழுதுபார்த்துப் பழகியவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். வேலை தொடங்குமுன் ஒவ்வொரு குழலையும் அளந்து, படமெடுத்து, காற்றழுத்தத்தையும் எழுதிவையுங்கள். கழற்றும் மரத்துண்டு, கம்பி, ஆணி எதுவானாலும் பெயரெழுதி ஆலயத்திலேயே வையுங்கள், எடைக்குப் போட வேண்டாம்.

இன்னொரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு டார்ச்சோடு, விவரம் தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு அந்தக் கூட்டுக்குள் போய்ப் பாருங்கள். குழல்களின் மேல் ஸ்வரத்தின் எழுத்துகளைக் கையால் கீறி வைத்திருப்பார்கள். ஒரே எழுத்தை இரண்டு மூன்று விதமான கையெழுத்தில் பார்த்தால், எத்தனை பேர் கை அதில் பட்டிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அதைப் பார்த்த பிறகு ஓட்டுப் போடுங்கள்.

அன்புடன்,
ஆர்கன் வாசிக்கும் ஒருவன்