பெரிய மீன் தொட்டிக்குச் சம்ப் ஃபில்டரே சரி

ஐயா,

பாளையங்கோட்டைப் பக்கம் புது வீடு கட்டுகிறவர்கள் ஹாலில் 8 அடி மீன் தொட்டி வைக்க ஆசைப்படுகிறார்கள். கண்ணாடிக்கும் லைட்டுக்கும் தாராளமாகச் செலவழித்துவிட்டு, ஃபில்டரை மிச்சக் காசில் வாங்குகிறார்கள். ஆசையாக வாங்கிய மீன்கள் செத்து மிதப்பது பெரும்பாலும் இதனால்தான்.

8 அடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி உயரம் என்றால் சுமார் 1,400 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 1.4 டன், மாடியில் வைப்பதானால் முதலில் இன்ஜினீயரைக் கேளுங்கள்.

இந்த அளவுத் தொட்டிக்குக் கேனிஸ்டர் ஃபில்டர் வேண்டாம். அது மூடிய டப்பா. கரண்ட் போய் ஓட்டம் நின்றால், மீன் கழிவில் வரும் நச்சான அம்மோனியாவை மாற்றிக் கொடுக்கும் பாக்டீரியா உள்ளே இருக்கும் ஆக்சிஜனைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிட்டுச் சாகத் தொடங்கும். கரண்ட் வந்ததும் அந்த நாறிய தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் பாயும். சித்திரை வெயிலில் தண்ணீர் 30 டிகிரிக்கு ஏறும்போது லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் நிற்கும் என்பதால் மீன்களுக்கு ஏற்கெனவே மூச்சு முட்டும். சம்ப் என்பது மீன் தொட்டிக்குக் கீழே வைக்கும் இன்னொரு சிறு தொட்டி. தண்ணீர் அதில் இறங்கி, வடிகட்டப்பட்டு, மோட்டாரால் மேலே ஏறும். அது திறந்தே இருக்கிறது. அதில் ஒரு காற்றுக் கல்லும் தொட்டியில் ஒன்றும் போட்டு, ஏர் பம்பை இன்வெர்ட்டரில் இணைத்தால் இரவு முழுக்கத் தாங்கும்.

சம்ப் 350 லிட்டராவது இருக்கட்டும். மணிக்கு 6,000 லிட்டர் தண்ணீர் சுற்ற வேண்டும். பெட்டியில் 6,000 என்று போட்ட மோட்டாரை வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். அது தரைமட்டக் கணக்கு. ஐந்தடி உயரம் ஏறி, நாலு எல்போ வளைந்து வரும்போது மூன்றில் ஒரு பங்கு குறையலாம். 9,000 முதல் 10,000 லிட்டர் மோட்டார் பாருங்கள். தண்ணீர் இறங்க இரண்டு அங்குல பிவிசி பைப் இரண்டு வையுங்கள். ஒன்றில் இலையோ நத்தையோ அடைத்தால் மற்றது காப்பாற்றும்.

பலர் கோட்டை விடுவது மேலேறும் பைப்பில். அதன் வாய் தண்ணீருக்குள் ஒரு சாண் ஆழத்தில் இருந்தால், மோட்டார் நின்றதும் அதே வழியாகத் தண்ணீர் சம்புக்குத் திரும்பும். இந்தத் தொட்டியில் ஓர் அங்குலம் இறங்கினாலே 47 லிட்டர். ஒரு சாண் என்றால் 420 லிட்டருக்கு மேல். சம்ப் நிரம்பி ஹால் முழுக்க வெள்ளம்தான். தண்ணீரைத் திரும்ப விடாமல் தடுக்கும் செக் வால்வை நம்ப வேண்டாம், பாசி சிக்கினால் மூடாது. நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே பைப்பில் கால் அங்குல ஓட்டை போடுங்கள். மட்டம் அதுவரை இறங்கியதும் காற்று புகுந்து ஓட்டம் அறுந்துவிடும். ஓட்டையில் பாசி பிடிக்கும், வாரம் ஒருமுறை ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள். மோட்டார் ஓடும்போது சம்பில் 100 லிட்டருக்காவது இடம் காலியாக இருக்கட்டும். மீன் விடும் முன்பே ஸ்விட்சை அணைத்து, தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று பார்த்து, அதற்கேற்ப மோட்டார் ஓடும்போது இருக்க வேண்டிய மட்டத்தைச் சம்ப் கண்ணாடியில் மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள்.

தண்ணீர் முதலில் ஸ்பாஞ்சில் விழுந்து, பிறகு பாக்டீரியா குடியிருக்கும் செராமிக் வளையங்களுக்குப் போக வேண்டும். மாற்றி வைத்தால் வளையத்தின் நுண்துளைகள் சேற்றால் அடைபடும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் அலசாதீர்கள், குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் பிழிந்தால் போதும். வளையங்களை அதே நாளில் தொடவே வேண்டாம். புதுத் தொட்டியில் பாக்டீரியா நிலைபெற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை அம்மோனியா டெஸ்ட் கிட் கையில் இருக்கட்டும், மீன்களை இரண்டிரண்டாகவே விடுங்கள்.

இப்படிக்கு,
வண்ண மீன் வளர்ப்போர் சிலர்,
பாளையங்கோட்டை