ஒரே மேடையில் பேசிய இருவர்

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வேலையை விட்டுவிட்டு, மருந்துக் கடைகளுக்கான இருப்புக் கணக்கு மென்பொருளை முழுநேரமாகக் கையில் எடுத்துக்கொண்டாய் என்று படித்ததும் மகிழ்ச்சியும் கவலையும் சேர்ந்தே வந்தன. இங்கே எல்லோரும் நலம். மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள்.

தொழில்முனைவோர் உரைகளில் எவற்றைக் கேட்கலாம் என்று கேட்டிருந்தாய். 2014ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், புதிய நிறுவனங்களை வளர்த்தெடுக்கும் ஒய் காம்பினேட்டரின் அப்போதைய தலைவர் சாம் ஆல்ட்மன் முன்னின்று நடத்திய உரைத்தொடரில் இரண்டை மட்டும் அடுத்தடுத்துக் கேள். கனவு, விடாமுயற்சி என்று தொடங்குகிற உரைகளை நான் பொதுவாகத் தாண்டிவிடுவேன். இவ்விரண்டும் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல.

ஒன்று, உணவகங்களிலிருந்து வீட்டுக்கு உணவு கொண்டுவந்து கொடுக்கும் டோர்டாஷ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டான்லி டாங் பேசியது. 2013 ஜனவரியில், மாணவர்களாக இருந்தபோதே, ஒரு பிற்பகலில் எளிய இணையப் பக்கம் ஒன்றைச் செய்து, அக்கம்பக்கத்து உணவகங்களின் விலைப்பட்டியல்களையும் தங்கள் தொலைபேசி எண்ணையும் அதில் போட்டிருக்கிறார்கள். அழைப்பு வந்தால் அவர்களே எடுத்து, அவர்களே உணவை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இரண்டாவது, வீட்டைச் சுத்தம் செய்ய ஆட்களை அனுப்பும் ஹோம்ஜாய் நிறுவனத்தின் அடோரா சியுங் பேசியது. தொழிலைக் கற்பதற்காகத் துப்புரவுப் பணியாளராகவே வேலை செய்ததை அவர் சொல்கிறார்.

இருவரும் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: தொடக்கத்தில் எல்லா வேலையையும் உன் கையாலேயே செய்து பார். ஆனால் டோர்டாஷ் 2020 டிசம்பரில் நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தது; ஹோம்ஜாயோ உரை நிகழ்ந்த மறு ஆண்டே, 2015 ஜூலையில், மூடப்பட்டது. ஒப்பந்தக்காரர்களாக வைத்திருந்த பணியாளர்களை நிறுவனத்தின் ஊழியர்களாகக் கருத வேண்டும் என்று கோரிய வழக்குகளே அதற்குக் காரணம் என்று நிறுவனம் சொன்னது. ஆனால் அதே வகையான வழக்கு டோர்டாஷ் மீதும் தொடுக்கப்பட்டது, அது தாக்குப்பிடித்தது. பெரும் தள்ளுபடியில் வந்த வாடிக்கையாளர்கள் முழு விலைக்குத் திரும்பி வரவில்லை என்று ஹோம்ஜாயின் முன்னாள் ஊழியர்கள் பத்திரிகைகளிடம் சொன்னது எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது. வீட்டுக்கு வந்தவரின் வேலை பிடித்துப்போனால், அடுத்த முறை நிறுவனத்தைக் கேட்காமல் நேரே அவரையே கூப்பிட்டுவிடலாம் அல்லவா?

வியப்பு என்னவென்றால், இந்த ஆபத்தை சியுங் அறியாதவர் அல்லர். வாடிக்கையாளர் மீண்டும் மீண்டும் வருவதால் கிடைக்கும் வளர்ச்சி, அவர் பிறரை அழைத்து வருவதால் கிடைக்கும் வளர்ச்சி, பணம் கொடுத்து வாங்கும் வளர்ச்சி என்று அந்த உரையிலேயே பிரித்துக் காட்டி, ஒருவரைப் பிடிக்க ஆகும் செலவு அவரால் வரும் வருவாயை மிஞ்சக் கூடாது என்றும் விளக்கியிருக்கிறார். கோடிக்கணக்கான டாலர் முதலீட்டை வாங்கிய பிறகு, மாதாமாதம் ஏறும் எண்ணிக்கையைக் காட்டியாக வேண்டிய நெருக்கடியில், தெரிந்ததன்படி நடப்பது வேறு விதமான கடினம் என்று நினைக்கிறேன். அதனால்தான் உரைகளில் அறிவுரையைவிட, பேசியவர் அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையே கவனிக்கச் சொல்கிறேன்.

ஆறு மாதம் இலவசம் என்று அறிவித்தால் உன்னிடமும் கடைகள் வந்து சேரும். அவர்கள் தங்குவது வேறு காரணத்தால்தான் இருக்கும். காலாவதி நெருங்கும் மருந்துகளைக் கண்டுபிடித்து, மொத்த வியாபாரிக்குத் திருப்பி அனுப்பி, அதற்கான பணத்தை வரவு வைப்பது சிறிய கடைகளுக்கு ஓயாத தலைவலி என்று நீயே எழுதியிருந்தாய். இரண்டு மூன்று கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மென்பொருள் தயாராகும் முன்பே அந்தக் கணக்கை நீயே கையால் எழுதிக் கொடுத்துப் பார்.

முதலில் சேர்ந்த கடைகளில் எத்தனை மூன்று மாதம் கழித்தும் தினமும் உன் மென்பொருளில் பில் போடுகின்றன என்ற கணக்கை எனக்கு அனுப்பு. தள்ளுபடிக்காகச் சேர்ந்தவர்களைத் தனி வரிசையில் காட்டு.

அன்புடன்,
இராமநாதன்